வரிசையின் மறுமுனை



குமரி மாவட்டத்து அடுக்களைகளுக்குள் எறும்பு ஆண்டில் இரண்டு முறை குடியேறப் பார்க்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெருமழை. இந்த மாவட்டத்துக்கோ ஜூனில் தென்மேற்குப் பருவமழை உண்டு, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நாஞ்சில் நாட்டு வயல்களைக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு பூ விளைய வைத்த அதே மழைகள்தான் எறும்பையும் இரு தடவை வீட்டுக்குள் தள்ளுகின்றன. மண்ணுக்குள் இருக்கும் கூட்டில் ஈரம் இறங்கியதும் எறும்புகள் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு மேடு தேடிக் கிளம்பும். மழைக்கு முன் முட்டையோடு மேடேறும் எறும்பு வரிசையைச் சோழன் கிள்ளிவளவன் பார்த்துப் புறநானூற்றுப் பாட்டில் வைத்திருக்கிறான். வெள்ளை வெள்ளையாகத் தெரியும் அந்தச் சுமையில் முட்டை குறைவு. பெரும்பாலும் புழுப் பருவத்துக் குஞ்சுகளும் கூட்டுப்புழுக்களுமே இருக்கும். எறும்புக்கு மருந்து வைக்கும்போது இந்தக் குஞ்சுகளின் பசிதான் கணக்கில் வரப்போகிறது.

தோட்டத்தில் நனையாத மேடு என்றால் வீட்டு அடித்தளம்தான். நிலைக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள கீறல், தரை ஓட்டின் அடியில் மணல் இறங்கி விழுந்த பொந்து, சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் உள்ள வெற்றிடம், பூந்தொட்டியின் அடி என்று கூடு கட்ட அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரை வெயிலிலும் எறும்பு வரும். அப்போது அது தேடுவது தண்ணீர். அங்கணத்து ஓரத்திலும் குழாயடியிலும் பிரிட்ஜின் அடித்தட்டிலும் அதைப் பார்க்கலாம்.

வந்ததும் வீட்டில் நடப்பது என்ன? யாராவது ஒருவர் கடைக்கு ஓடுகிறார். "அண்ணாச்சி, எறும்புக்கு ஏதாவது பொடி இருந்தா குடுங்க." பொடி வருகிறது. சுவரோரம், அலமாரிக்கு அடி, சில வீடுகளில் அரிசிப் பானையைச் சுற்றியும் அது தூவப்படுகிறது. மறுநாள் காலையில் செத்த எறும்புகளைக் கூட்டி அள்ளும்போது மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கும். நாலைந்து நாளில் இன்னொரு மூலையிலிருந்து புதிய வரிசை கிளம்பிவிடும்.

அந்தப் பொடியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் எறும்புப் பொடி என்றால் பெரும்பாலும் பி.எச்.சி.தான், கமாக்சின் என்ற பெயரிலும் அது புழங்கியது. வயலில் தூவினார்கள், காண்டாமிருக வண்டுக்காக மணலோடு கலந்து தென்னையின் மட்டை இடுக்கில் போட்டார்கள், மீந்ததை வீட்டில் எறும்புக்குத் தூவினார்கள். மண்ணில் எளிதில் சிதையாத நஞ்சு அது. உணவு வழியாக உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கும். தாய்ப்பாலிலும் அதன் எச்சம் கண்டறியப்பட்டிருக்கிறது. 1997 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் அதற்குத் தடை. அதிலிருந்து பிரித்தெடுக்கும் லிண்டேனுக்கும் 2013ல் முடிவு வந்தது. தடை வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சத்தை வீட்டு எறும்புக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. பெயரோ தயாரித்தவர் விவரமோ இல்லாத பொட்டலத்தை வாங்கி அடுக்களையில் தூவுகிறவர்களும் உண்டு. இது கண்டிப்பாக நிற்க வேண்டிய பழக்கம்.

இந்தியாவில் விற்கும் எந்தப் பூச்சிக்கொல்லியின் உறையிலும் வைர வடிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பார்த்தாலே நஞ்சின் வீரியம் தெரியும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், அதற்கும் அடுத்து நீலம். பச்சை இருப்பதிலேயே குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சட்டத்தில் இந்த ஏற்பாடு. சிவப்பும் மஞ்சளும் அடுக்களைக்குள் நுழையவே கூடாது. சுவரில் கோடு கிழிக்கும் எறும்புச் சாக்பீஸிலும் நரம்பைத் தாக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சுதான் இருக்கிறது. குழந்தையின் கண்ணுக்கு அதுவும் சிலேட்டில் எழுதும் சாக்பீஸும் ஒன்றே.

நஞ்சின் ஆபத்து ஒரு புறம் இருக்கட்டும். பொடியும் சாக்பீஸும் எறும்பை ஒழிப்பதாவது உண்டா? வரிசையில் நடப்பவை எல்லாம் பெண் எறும்புகள், அவற்றிலும் வயதானவை. இளைய வேலைக்கார எறும்புகள் கூட்டுக்குள் இருந்து குஞ்சுகளைப் பேணும். வயது ஏறிய பிறகுதான் இரை தேட வெளியே வரும். அதாவது ஒரு கூடு, எப்படியும் சீக்கிரம் சாகப்போகிற உறுப்பினர்களையே ஆபத்தான வெளிவேலைக்கு அனுப்புகிறது. கண்ணில் படுவது கூட்டின் ஒரு சிறு பங்கு. ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவின் கருந்தோட்ட எறும்பில் ஒரு ராணி, ஆய்வுக்கூடத்தில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. வரிசையை நசுக்குவதால் ராணிக்கு ஒரு நட்டமும் இல்லை.

சில இனங்களில் நிலைமை இன்னும் மோசமாகும். பாரோ எறும்பு என்று ஒன்று. மஞ்சள் பாய்ந்த பழுப்பு நிறம், இரண்டு மில்லிமீட்டர் நீளம், உலகம் முழுக்க வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் இருப்பது. பிரிட்டன் மருத்துவமனைகளில் அது நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972லேயே லான்செட் இதழ்க் கட்டுரை ஒன்று எடுத்துக் காட்டியது. இந்த எறும்பின் கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்தடித்துக் கலைத்தால் ஒவ்வொரு ராணியும் கொஞ்சம் வேலைக்காரர்களோடும் குஞ்சுகளோடும் பிரிந்துபோய்த் தனிக்கூடு போடும். ஒரு கூட்டை ஒழிக்கப் போய் அது ஐந்தாகிவிடும். ஸ்பிரே அடித்த மறுவாரம் வீடு முழுக்க எறும்பாகிவிட்டது என்று சொல்கிறவர்களின் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம்.

வரிசை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் அதை எங்கே அறுப்பது என்பதும் தெரிந்துவிடும். 1959ல் எட்வர்ட் வில்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் தீ எறும்பின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சிறு சுரப்பியைப் பிரித்தெடுத்து, அதன் சாற்றைக் கண்ணாடித் தட்டில் கோடாக இழுத்தார். கூட்டிலிருந்து எறும்புகள் கொத்தாகக் கிளம்பி அந்தக் கோட்டின் மேலேயே நடந்தன. இரை கண்ட எறும்பு திரும்பும் வழியெல்லாம் வயிற்று நுனியால் வாசனைச் சுவடு வைத்துக்கொண்டே வருகிறது. அடுத்தது அதைப் பிடித்துப் போகிறது; அதுவும் இரை கண்டால் தன் பங்குக்குச் சுவட்டை அழுத்துகிறது. இரை தீர்ந்தால் யாரும் சுவடு வைப்பதில்லை. வாசனை காற்றில் கரைந்து, வரிசையும் கலைந்துவிடும்.

இந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு எறும்பைக்கூடக் கொல்லாமல் தன் உணவை மீட்ட ஒருவர் இருந்தார். அவர் ரிச்சர்ட் ஃபெயின்மன், 1965ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த காலத்தில் அவர் ஜாமும் ரொட்டியும் வைத்திருந்த இடத்தை எறும்புகள் கண்டுபிடித்துவிட்டன. அறைக்குள் அவை நுழையும் பொந்துக்குச் சிறிது தள்ளி, ஃபெயின்மன் கொஞ்சம் சர்க்கரை வைத்தார். பிறகு சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜாமை நோக்கிப் போகும் எறும்பு காகிதத்தில் ஏறினால் சர்க்கரையில் கொண்டு இறக்கினார். ஜாமிலிருந்து இரையோடு திரும்பும் எறும்பையும் அங்கேயே இறக்கினார். சர்க்கரையிலிருந்து பொந்துக்குப் புதுச் சுவடு உருவாகி வலுத்தது. பழைய பாதையில் போவார் வருவார் குறைந்து, ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய உணவு இருந்த பக்கம் எறும்பே இல்லை. 1985ல் வந்த நினைவுக் குறிப்பு நூலில் இதை அவர் மிகுந்த உற்சாகத்தோடு சொல்கிறார். நாலு பேருக்குச் சமைத்துப் போடும் அடுக்களையில் காகிதத் தோணி ஓட்ட யாருக்கும் நேரம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் வரிசை என்பது எறும்புகளின் கூட்டம் மட்டும் அல்ல, அது தரையில் கிடக்கும் ஒரு செய்தி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறு இல்லை. அந்தச் செய்தியை அழிக்கச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதும். எறும்பை மட்டும் துடைத்துவிட்டுச் சுவட்டை விட்டுவைத்தால் அரை மணியில் அடுத்த கூட்டம் அதே பாதையில் வந்து நிற்கும். மஞ்சள்பொடி, கிராம்பு, கற்பூரம், வேப்பெண்ணெய் எல்லாம் அந்த இடத்தில் சுவட்டைக் குழப்புகின்றன. எறும்பு சுற்றிக்கொண்டு வேறு வழியில் வரும். விருந்து நாளுக்கு அது போதலாம், மழைக்காலம் முழுமைக்கும் போதாது.

வரிசையின் மறுமுனையில் இருக்கும் கூட்டை எட்டிப்பிடிக்க எறும்பே தூக்கிப்போகும் மருந்துதான் வேண்டும். அது மெதுவாகக் கொல்ல வேண்டும். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதுதான் அந்த மருந்து. வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது. நீராகாரத்தை உறிஞ்சித் தீனிப்பையில் நிரப்பிக்கொண்டு போய், கூட்டில் ஒன்றன் வாயிலிருந்து மற்றொன்றின் வாய்க்கு ஊட்டும். குஞ்சுக்கும் ராணிக்கும் அப்படித்தான் உணவு போகிறது. கொண்டுபோகிறவள் வழியிலேயே செத்தால் மருந்து கூட்டை எட்டாது. 1990களில் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஜான் கிளாட்ஸும் உடனிருந்தவர்களும் செய்த சோதனைகள் காட்டியது இதுதான்: சர்க்கரைத் தண்ணீரில் போரிக் அமிலம் ஒரு சதவீத அளவில் இருந்தால் எறும்பு குடிக்கும், கொண்டுபோகும், நாட்கணக்கில் கூடு சுருங்கும்.

வீட்டில் கலக்கும் அளவு இது: 100 மில்லி வெந்நீர், 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர். தேக்கரண்டிக் கணக்கில் சொன்னால் பவுடர் கால் கரண்டி. கை தாராளமாகி அதிகம் போட்டால் எறும்பு வாய் வைக்காது, அல்லது பாதி வழியில் சாகும். கரைந்ததும் பஞ்சில் நனைத்து, ஒரு மூடியில் வைத்து, வரிசைக்குப் பக்கத்தில் விட வேண்டும். முதலில் ஒன்றிரண்டு வந்து மீசையால் தொட்டுப் பார்க்கும். பிறகு பஞ்சின் ஓரம் முழுக்கத் தலைகளாக அடுக்கி நிற்கும். தலை கறுத்து உடல் வெளிறிய ஒன்றரை மில்லிமீட்டர் எறும்பாக இருந்தால், குடிக்கக் குடிக்க அதன் வயிறு கண்ணாடிக் குமிழாக உப்புவதை டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம். திரும்பும் வழியில் எதிரே வருவதோடு நின்று வாயோடு வாய் வைக்கும். முதல் நாள் வீட்டில் எறும்பு கூடத்தான் செய்யும். அப்போது பொறுமை இழந்து நசுக்கிவிட்டால், மருந்து சுமக்க வந்த ஆட்களையே கொன்றதாகும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை பஞ்சை மாற்றி, ஒன்றிரண்டு வாரம் விட்டுவைக்க வேண்டும்.

எல்லா எறும்பும் இனிப்புக்கு வராது. குஞ்சுகளுக்குப் புரதம் தேவைப்படும் காலத்தில் அதே கூடு சர்க்கரையைத் திரும்பிப் பார்க்காமல் மீனைத் தேடும். கடித்தால் தீப்பட்டதுபோல் எரியும் சின்னச் சிவப்பு எறும்புக்கு எண்ணெய்ப் பண்டமும் இறைச்சியும் பிடிக்கும். வீட்டுக்கு வந்திருப்பவற்றின் விருப்பத்தை அறிய இரவில் ஒரு தபால் அட்டை போதும். ஒரு மூலையில் கருப்பட்டித் தண்ணீர் ஒரு சொட்டு, ஒரு மூலையில் நெத்திலிக் கருவாட்டுத் துணுக்கு, இன்னொன்றில் தேங்காயெண்ணெய். கால் மணி நேரத்தில் எந்த மூலை கறுக்கிறதோ அந்த உணவில்தான் பவுடரைக் கலக்க வேண்டும்.

போரிக் பவுடரும் நஞ்சே. தவழும் குழந்தை, நாய், பூனை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். உப்பு, சர்க்கரை டப்பாக்களோடு சேர்த்து வைக்கவே கூடாது. எந்த எறும்பு மருந்தையும் குழந்தை வாயில் போட்டுவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மருந்தின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும்.

பழைய வீடுகள் எறும்பைக் கொல்வதைவிட எட்டவிடாமல் செய்வதிலேயே கவனமாக இருந்தன. பாலும் தயிரும் உறியில் தொங்கின. கருப்பட்டி அடுப்புப் புகை படும் பரணில் இருந்தது. முந்திரிக்கொத்தும் முறுக்கும் இருந்த அலமாரியின் நாலு கால்களும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. மார்த்தாண்டம் வட்டாரத்துத் தேனீ வளர்ப்பாளர்களுக்கு இந்தக் கிண்ணம் தொழிற்கருவி. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே ஊரகப் புனரமைப்பு நிலையம் நடத்திய நாள் தொட்டு அந்தப் பகுதியில் பெட்டித் தேனீ பரவியிருக்கிறது. ரப்பர் மரம் துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் ஊறும் இனிப்பு நீர்தான் இங்கே தேனின் முக்கிய ஊற்று; அதே நீருக்கு எறும்பும் வரும், பெட்டியிலும் ஏறும். அதனால் பெட்டியைத் தாங்கும் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்தில் ஒரு சருகு விழுந்து பாலமானால்கூட எறும்பு கடந்துவிடும் என்பதால், தண்ணீரைவிடக் கவனிப்பே அங்கே முக்கியம்.

வீட்டில் கிண்ணம் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தெளிந்து தேங்கிய தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு உகந்த இடம். தாய்லாந்தில் அலமாரிக் கால்களுக்கு வைக்கும் எறும்புக் கிண்ணங்களே அந்தக் கொசு பெருகும் இடங்களில் ஒன்றாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை கிண்ணத்தைக் கொட்டித் தேய்த்துக் கழுவி, சோப்புத் தண்ணீர் ஊற்றினால் எறும்பும் தாண்டாது, கொசுவும் வளராது.

எறும்பின் உணவை நிறுத்துவது என்றால் சர்க்கரை டப்பாவை மூடுவது மட்டும் அல்ல. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கரந்தமலைக் காட்டோரக் கிராமங்களில் 2022ல் நடந்தது இதை யோசிக்க வைக்கிறது. மஞ்சள் கிறுக்கெறும்பு என்ற இனம் அங்கே பெருகி, ஆடு மாடுகளின் கண்ணைத் தாக்குகிறது, காட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்க முடியவில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். நீண்ட கால்களோடு தாறுமாறாக ஓடும் அந்த எறும்பு கொட்டுவதில்லை. ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. 2002ல் ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவினார்கள். குறைந்தது, மறுபடி வந்தது. பிறகு ஆய்வாளர்கள் எறும்பின் சாப்பாட்டைத் தேடினார்கள். மரங்களில் ஒட்டிச் சாறுறிஞ்சும் ஒரு செதில்பூச்சி கழிக்கும் தேன்நீரே அந்தப் பெருங்கூட்டத்தை வளர்த்தது. 2016 டிசம்பரில், அந்தச் செதில்பூச்சியை அழிக்கும் இரண்டு மில்லிமீட்டர் குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எறும்பை நேராகத் தொடாத சிகிச்சை அது.

குமரி மாவட்டத்து வீடுகளின் புறவாசலிலும் அந்தத் தேன்நீர் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி, கொய்யா இலையின் அடியில் வெள்ளைப்பூச்சி, மட்டி வாழையின் இலையுறையில் அசுவினி. வாழை அசுவினிதான் முடிக்கொத்து நோயையும் பரப்புவது. இந்தப் பூச்சிகளின் எதிரிகளை எறும்பு விரட்டுகிறது. பதிலுக்கு இனிப்பு கிடைக்கிறது. செம்பருத்திக் கிளை கூரை ஓட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தால், தோட்டத்துக் கூட்டுக்கும் அடுக்களைக்கும் நேர்வழி போட்டுக் கொடுத்தது போலாகும். இலையின் அடிப்பக்கத்தைக் குழாயில் வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, லேசான சோப்புக் கரைசல் அடித்து, சுவரைத் தொடும் கிளைகளை வெட்டினால் வீட்டுக்குள் எறும்பு குறையும்.

மாமரத்திலும் கொல்லாமரம் என்னும் முந்திரியிலும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறை மட்டும் தீப்பந்தம் காட்டி எரிக்காமல் இருக்க வேண்டும். கிட்டப் போனால் கடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் முந்திரித் துளிரைக் கருக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை வேட்டையாடுவது அதுதான். கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சீன நூலில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்காக முசுற்றுக் கூடுகளைச் சந்தையில் விற்ற செய்தி இருக்கிறது. முசுறு வீட்டுக்குள் குடிவரும் எறும்பும் அல்ல.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய பெரிய வேலை கொத்தனார் வேலைதான். அதற்குக் காலம் வைகாசியும் புரட்டாசியும், இரு மழைகளுக்கும் முந்திய வாரங்கள். மருந்து வைத்துக் கூடு ஓய்ந்த பிறகே பொந்தை அடைக்க வேண்டும். முன்பே அடைத்தால் எறும்பு வேறு கீறலைத் தேடி வரும். நிலைக்கும் சுவருக்கும் இடையிலான கீறலுக்கு வெள்ளைச் சிமென்ட், குழாய் நுழையும் துளைக்குச் சிலிகான் பசை, உள்ளே பொள்ளென்று சத்தம் கேட்கும் தரை ஓட்டைப் பெயர்த்து அடியில் கலவை போட்டுப் பதிப்பது, அங்கணத்துக் குழாய்க்கு ஒரு சல்லடை மூடி. அரை நாள் கூலியிலும் ஒரு கிலோ வெள்ளைச் சிமென்டிலும் பெரும்பாலான வீடுகளுக்கு இது முடிந்துவிடும்.